மெசினுக்கு ஒரு கொப்பி

கிழக்கிலங்கையில் சம்மாந்துறைப் பக்கம் ஒரு அரிசி மில். பெப்ரவரி கடைசி, பெரும்போக அறுவடை மும்முரம். இரவு இரண்டரை மணிக்குப் பொயிலரின் புகை இழுக்கும் ஃபேன் நின்றது. நின்றது என்று சொல்வதை விட இறுகியது என்று சொல்வதுதான் சரி. சுழலும் சாஃப்டைத் தாங்கும் பெயாரிங் சூடேறி அதோடு ஒட்டிக்கொண்டது. மூன்று பெல்ட்டும் எரிந்து மில் முழுக்க ரப்பர் நாற்றம். நான் அங்கே பராமரிப்பு வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம் ஆகியிருந்தது.

ஒரு ஃபேன்தானே, விடிந்ததும் மாற்றிவிடலாம் என்று தோன்றும். புழுங்கல் மில்லில் அது நடக்காது. அந்த ஃபேன் நின்றால் உமி அடுப்புக்கு இழுவை இல்லை. இழுவை இல்லையென்றால் பொயிலரில் நீராவி இல்லை, நெல் உலர்த்தும் சூடும் இல்லை. ஆனால் தொட்டியில் ஊறிக்கொண்டிருக்கும் நெல்லும், அவித்து இறக்கிய நெல்லும் யாருக்காகவும் காத்திருக்காது. ஈரப்பதத்தை 14 வீதத்துக்குக் கொண்டுவராவிட்டால் நெல் தாங்காது. களத்தில் பரப்பலாம் என்றால் அந்த வாரம் மழை. இரண்டாம் நாள் தொட்டிப் பக்கம் போக முடியவில்லை, அவ்வளவு புளித்த வாடை. அந்த நெல்லுக்காக வட்டையில் நான்கு மாதம் சேற்றில் நின்றவர்களின் முகம் எனக்குத் தெரியும். மூட்டை இறக்கும்போது அவர்களோடு தேத்தண்ணி குடித்தவன் நான். இன்றைக்கும் அந்த வாடை வந்தால் வயிறு பிசைகிறது.

எனக்கு அதிகம் வலித்தது இன்னொன்று. இறுகிப்போன அந்தப் பெயாரிங்கைப் போட்டு பத்தொன்பது நாள்தான் ஆகியிருந்தது. தை பிறந்ததிலிருந்து அது இரண்டாவது. எல்லோரும் ‘டூப்ளிக்கேட் பெயாரிங்’ என்று கடைக்காரரைத் திட்டினார்கள். நானும் திட்டினேன். அது பெரிய பிழை, அந்தக் கடைக்காரர் ஒரு குற்றமும் செய்யவில்லை.

ஃபேன் முன்கூட்டியே சொல்லிக்கொண்டுதான் இருந்தது. ஒரு வாரமாக அதன் பக்கத்துச் சீமெந்துத் தரையில் நின்றால் செருப்பு வழியாகக் கால் கூசியது. பக்கத்து மேசையில் வைத்த பிளேன்டீயில் வட்டம் வட்டமாக அலை எழுந்தது. அதைப் பார்க்காதவர் மில்லில் ஒருவரும் இல்லை. ஆனால் போன மாதம் எப்படி இருந்தது, இன்று எவ்வளவு கூடியிருக்கிறது என்று சொல்லக்கூடிய ஒருவர் அந்த மூன்று வாரம் மில்லில் இல்லை. மகளின் கலியாணத்துக்கு லீவில் போயிருந்தார்.

அவரை நாங்கள் காக்கா என்போம், அண்ணன் என்ற மாதிரி. முப்பது வருடத்துக்கு மேல் மில் மெக்கானிக். திரும்பி வந்த அன்று புது பெயாரிங் போட்டு ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. கேட்டுக்குள் நுழைந்து, சைக்கிளை நிறுத்தும் முன்பே கேட்டார்.

“என்ன தம்பி, ஃபேன்ட சத்தம் மாறிக் கிடக்கு? எத்தின நாளா?”

அவரிடம் மரப்பிடி போட்ட நீளமான ஸ்குரூட்ரைவர் ஒன்று இருக்கும். நுனியைப் பெயாரிங் கூட்டில் வைத்து, பிடியைக் காதுக்கு முன்னால் இருக்கும் எலும்பில் அழுத்திக் கண்ணை மூடிக்கொள்வார். நான் மட்டக்களப்பு ஆள் என்பதால் முதல் தடவை பார்த்தபோதே இது எனக்குத் தெரிந்த வேலை என்று பட்டது. பூரணை இரவில் கல்லடிப் பாலத்துக்குக் கிட்டத் தோணியை நிறுத்தி, துடுப்பின் ஒரு முனையை வாவிக்குள் விட்டு மறுமுனையைக் காதில் வைத்துப் பாடும் மீனைக் கேட்பார்கள். அம்மப்பா என்னையும் அப்படி ஒருமுறை கேட்க வைத்தார். தண்ணீருக்குள் பிறக்கும் சத்தம் காற்றுக்கு வரும் இடத்தில் பெரும்பகுதி திரும்பி உள்ளேயே போய்விடும். மரத்தின் வழியாக வந்தால் நேரே எலும்புக்குப் போகும். இரும்புக்கும் அதே கதைதான். மில்லின் இரைச்சல் காற்றில் வருகிறது, பெயாரிங்கின் சத்தம் கம்பியில் வருகிறது. கம்பியைக் காதில் வைத்தால் மற்றதெல்லாம் பின்னால் போய்விடும்.

காக்காவின் கெட்டித்தனத்தைப் பார்த்து நான் முதலில் நினைத்தது, இவருக்குக் காது கூர்மை என்று. பிறகுதான் விளங்கியது, கூர்மையானது அவருடைய ஞாபகம். நேற்றைய சத்தம், போன போகத்துச் சத்தம், இந்த ஃபேன் புதிதாக வந்தபோது இருந்த சத்தம் எல்லாம் அவர் தலைக்குள் வரிசையாக இருக்கிறது. இன்றையதை அவற்றோடு ஒப்பிடுகிறார். அவர் லீவில் போனால் அந்த வரிசையும் லீவில் போகிறது. அதைத்தான் கொப்பியில் எழுத வேண்டும் என்று நான் இத்தனை வருடமாக ஒவ்வொரு மில்லிலும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

சரி, அந்த ஃபேனுக்கு வருவோம். வேறொரு தொழிற்சாலையில் வேலை செய்யும் நண்பனிடம் பேனா மாதிரியான ஒரு அதிர்வுமானியை இரவல் வாங்கி வந்தேன். புது பெயாரிங் போட்டு இரண்டாம் நாள் அளந்தால் விநாடிக்கு 8.9 மில்லிமீட்டர். புத்தம் புதுப் பெயாரிங், ஆனால் ஆட்டம் அப்படியே இருக்கிறது. அப்படியென்றால் கோளாறு பெயாரிங்கில் இல்லை. ஆட்டத்தில் அடி வாங்கிச் சாவதுதான் அதற்கு மிச்சம்.

மெயின் சுவிட்சை இறக்கிப் பூட்டுப் போட்டுவிட்டு, ஃபேன் கூட்டின் சிறு கதவைத் திறந்தோம். இறக்கைகளின் பின்பக்கம் உமிச் சாம்பல் அப்பமாக ஒட்டியிருந்தது. ஒரே ஒரு இறக்கையில் மட்டும் அது பெயர்ந்து விழுந்து இரும்பு தெரிந்தது. உமியை எரித்தால் அதன் எடையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு சாம்பலாக மிஞ்சும். அதில் பெரும்பகுதி சிலிக்கா, மணலின் சாதி. சீராக ஒட்டும் வரைக்கும் ஃபேன் பொறுத்துக்கொள்ளும். பொயிலரை நிறுத்திக் குளிர விடும்போது ஒரு கட்டி மட்டும் கழன்று விழுந்தால் அன்றோடு சமநிலை போயிற்று.

எவ்வளவு போகும் என்று அன்றிரவு கணக்குப் போட்டேன். கழன்ற கட்டி 50 கிராம் என்று வைத்துக்கொள்ளுங்கள், ஒரு சின்னக் கோழி முட்டையின் எடை. மையத்திலிருந்து 40 சென்ரிமீட்டர் தூரம். நிமிடத்துக்கு 1450 சுற்று. எடையை ஆரத்தாலும் கோண வேகத்தின் வர்க்கத்தாலும் பெருக்கினால் ஏறத்தாழ 460 நியூட்டன் வருகிறது, கிட்டத்தட்ட 47 கிலோ பாரம். ஒரு அரிசி மூட்டையைச் சாஃப்டில் கட்டி, அதை விநாடிக்கு 24 தடவை சுற்றிச் சுற்றி இழுப்பது மாதிரி. அதே முட்டை எடை 2900 சுற்றில் ஓடும் ஃபேனில் இருந்தால் பாரம் நான்கு மடங்கு. பந்துப் பெயாரிங்குக்குச் சுமை இரட்டித்தால் ஆயுள் எட்டில் ஒன்றாகக் குறையும் என்பது பெயாரிங் தயாரிப்பவர்களே தரும் கணக்கு. பத்தொன்பது நாள் எப்படி வந்தது என்று அப்போது புரிந்தது.

சாம்பலைச் சுரண்டி, கம்பித் தூரிகை போட்டுத் தேய்த்தோம். மறுபடி ஓட்டினால் 2.3. அதே பெயாரிங், அதே கடையில் வாங்கியது, அதற்குப் பிறகு ஐந்து போகம் ஓடியது.

அந்த எண்களின் கதையையும் கொஞ்சம் சொல்ல வேண்டும். அதிர்வை மூன்று விதமாக அளக்கலாம்: எவ்வளவு தூரம் அசைகிறது, எவ்வளவு வேகத்தில் அசைகிறது, அந்த வேகம் எவ்வளவு சடுதியாக மாறுகிறது. வட்டைக்குள் மோட்டார் சைக்கிளில் போகிறவர்களுக்கு இது இலேசாக விளங்கும். பெரிய குழியில் மெல்ல இறங்கி ஏறினால் தூக்கல் பெரிது, உடம்பு நோகாது. அலை அலையாகக் கிடக்கும் கிரவல் ரோட்டில் வேகமாகப் போனால் தூக்கல் விரலளவுகூட இல்லை, கை மரத்துப் போகும். தூரத்தை மட்டும் அளந்தால் கிரவல் ரோடு தப்பிவிடும், சடுதியை மட்டும் அளந்தால் குழி தப்பிவிடும். வேகம் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. அதனால்தான் சாதாரண மெசின்களுக்கு விநாடிக்கு இத்தனை மில்லிமீட்டர் என்று வேகத்தை எழுதுகிறோம்.

1939இல் ரத்போன் என்ற அமெரிக்கப் பொறியியலாளர் எவ்வளவு அதிர்வு நல்லது, எவ்வளவு ஆபத்து என்று ஒரு வரைபடம் வெளியிட்டார். பிறகு வந்த சர்வதேசத் தரங்கள் அந்த வழியில் வந்தவை: 1974இல் ஐஎஸ்ஓ 2372, 1995இல் 10816, 2016இல் 20816. எங்கள் ஃபேன் மாதிரி 15 முதல் 75 கிலோவாட் வரையிலான மெசினுக்கு 10816 தரத்தின் முதல் பகுதி சொல்வது இது: 1.12 வரை இருந்தால் புது மெசின் நிலை, 2.8 வரை நீண்ட நாள் ஓடலாம், 7.1 வரை கொஞ்சக் காலம் மட்டும், அதைத் தாண்டினால் நிறுத்த வேண்டும். இந்த எண்களை மில் சுவரில் எழுதி வைத்திருக்கிறேன், ஆனால் இவற்றை மட்டும் நம்ப வேண்டாம் என்றுதான் எல்லோரிடமும் சொல்வேன். மரச் சட்டத்தில் ஏற்றிய, நெல்லை மேலே தூக்கும் எலிவேட்டரின் தலை பிறந்ததிலிருந்தே 4 காட்டும், பத்து வருடம் அப்படியே ஓடும். கொங்கிறீட்டில் இறுக்கிய மோட்டர் 0.9இலிருந்து 1.8க்கு வந்தால் தரத்தின்படி நல்ல நிலைதான், எனக்கோ அன்றிரவு நித்திரை வராது. இரட்டித்திருக்கிறதே, ஏதோ ஒன்று மாறியிருக்கிறதே.

மாறியது எது என்று கண்டுபிடிக்க, மொத்த ஆட்டத்தைப் பிரித்துப் பார்க்க வேண்டும். நம் உட்காது அந்த வேலையைப் பிறவியிலேயே செய்கிறது. தவிலும் நாதஸ்வரமும் ஒன்றாக ஒலித்தாலும் இரண்டையும் தனித்தனியாகக் கேட்கிறோமே. கணினிக்கு அதை விரைவாகச் செய்யும் வழியை 1965இல் கூலி, டூக்கி என்ற இரண்டு அமெரிக்கக் கணிதவியலாளர்கள் வெளியிட்டார்கள். இன்றைக்கு கையடக்கக் கருவியே ஒரு நொடியில் பிரித்துக் காட்டிவிடும்.

பிரித்துப் பார்த்தால், சுற்றுக்கு ஒரு தடவை அடிப்பது சமநிலைக் கோளாறு. சுற்றுக்கு இரண்டு தடவை அடித்து, சாஃப்டின் நீளவாக்கிலும் ஆட்டம் கூடினால், இரண்டு சாஃப்டை இணைக்கும் கப்ளிங்கின் இரண்டு பக்கமும் ஒரே கோட்டில் இல்லை என்று சந்தேகிக்கலாம். பொயிலருக்குத் தண்ணீர் தள்ளும் பம்பில் இது அடிக்கடி வரும், ஏனென்றால் ஆறிய நிலையில் நேர்பார்த்த பம்ப் சூடேறியதும் நிமிர்ந்துவிடும். சுற்றுக்கு ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு தடவை என்று வரிசையாக எழுந்தால் எங்கோ நட் தளர்ந்திருக்கிறது. சுற்றை விடக் குறைந்த கதியில் அடித்தால் பெல்ட்டைப் பாருங்கள். பெல்ட் நீளமானது, ஒரு முழுச் சுற்று வர அதற்குச் சாஃப்டை விட அதிக நேரம் எடுக்கும். எங்கள் கரண்ட் 50 ஹேர்ட்ஸ், அதாவது விநாடிக்கு 50 தடவை, என்பதால் மோட்டரின் மின்கோளாறு பெரும்பாலும் 100இல் வரும். சுவிட்சை இறக்கிய அதே கணத்தில் அது காணாமல் போகும், சுற்றினால் வரும் ஆட்டமோ வேகத்தோடு சேர்ந்து மெல்ல இறங்கும். இந்தச் சோதனைக்குக் கருவியே தேவையில்லை, கை போதும்.

பெயாரிங்தான் எனக்குப் பிடித்த பகுதி. எலிவேட்டர் மோட்டர்களில் பொதுவாக இருக்கும் 6205 என்ற இலக்கப் பெயாரிங்கை எடுங்கள். உள்வளையத்துக்கும் வெளிவளையத்துக்கும் நடுவில் ஒன்பது பந்து. வெளிவளையத்தில் ஒரு சின்ன உரிசல் விழுந்தால் சாஃப்ட் ஒரு தடவை சுற்றும்போது பந்துகள் அதன் மேல் 3.58 தடவை ஏறி இறங்கும். உள்வளையத்தில் என்றால் 5.42 தடவை. மோட்டர் நிமிடத்துக்கு 1440 சுற்று, விநாடிக்கு 24. ஆகவே வெளிவளையம் 86 ஹேர்ட்ஸ், உள்வளையம் 130. அட்டவணை கையில் இல்லாவிட்டால் பந்துகளின் எண்ணிக்கையை 0.4ஆல் பெருக்குங்கள், அது ஏறத்தாழ வெளிவளையம். 0.6ஆல் பெருக்கினால் உள்வளையம்.

ஆனால் உரிசல் சின்னதாக இருக்கும்போது அந்த 86ஐத் தேடினால் கிடைக்காது, மற்ற ஆட்டத்துக்குள் அமிழ்ந்திருக்கும். கோயில் மணியை நினைத்துப் பாருங்கள். எத்தனை தடவை அடித்தாலும் மணி தன் சொந்தச் சுருதியில்தான் ஒலிக்கும். பெயாரிங் கூடும் அப்படித்தான். ஒவ்வொரு பந்தும் உரிசலில் இடிக்கும்போது இரும்பு தன் சொந்தச் சுருதியில், விநாடிக்குச் சில ஆயிரம் தடவை, கிணுங்கி அடங்கும். சுருதியை விட்டுவிட்டு, அடி எத்தனைக்கு எத்தனை விழுகிறது என்று எண்ணுவதுதான் நல்ல கருவிகள் செய்யும் வேலை. அப்படி எண்ணினால் பல வாரம், சில வேளை பல மாதம் முன்பே தெரிந்துவிடும். கையில் சூடு தெரியும்போது எஞ்சியிருப்பது அநேகமாக நாட்கள்தான், சில வேளை மணித்தியாலங்கள்.

கருவி விலை கூட என்று மில்காரர்கள் சொல்கிறார்கள். உண்மைதான். ஆனால் பையில் இருக்கும் போனிலேயே ஒரு அதிர்வு உணரி இருக்கிறது. ஜெர்மனியின் ஆகன் நகரப் பல்கலைக்கழகம் இலவசமாகத் தரும் ஃபைஃபாக்ஸ் என்ற செயலியைப் போட்டு, போனை மோட்டர் மேல் இறுக்கமாக வைத்துப் பாருங்கள். பல போன்கள் விநாடிக்கு நூறு முதல் சில நூறு தடவைதான் அளக்கும். அதில் பாதிக்கு மேல் உள்ள எதையும் நம்ப முடியாது, இல்லாத ஒன்றை இருப்பதாகவும் காட்டிவிடும். அதனால் பெயாரிங்கின் ஆரம்ப உரிசல் அதில் தெரியாது. சமநிலைக் கோளாறு, தளர்ந்த நட், பெல்ட், இவை நன்றாகவே தெரியும். எங்கள் ஃபேன் அழிந்தது இந்த வகைக் கோளாறில்தான்.

எதில் அளந்தாலும் அளக்கும் முறை மாறக்கூடாது. நான் பெயாரிங் கூட்டில் மஞ்சள் பெயின்ட்டால் புள்ளி வைத்திருக்கிறேன். எப்போதும் அதே புள்ளி. கிடையாக, செங்குத்தாக, சாஃப்டின் நீளவாக்கில் என்று மூன்று பக்கமும். மெசின் ஓடி அரை மணித்தியாலம் கழிந்த பிறகு, நெல் பாய்ந்துகொண்டிருக்கும்போது. வெறும் மெசினில் ஒரு வாரமும் சுமையோடு அடுத்த வாரமும் அளந்தால் அந்தக் கொப்பியை அடுப்பில் போடலாம். என்ன நெல் என்றும் எழுதுவேன், ஏனென்றால் கீரிச்சம்பா நெல்லும் நாடு நெல்லும் அரிசி தீட்டும் பொலிசரில் ஒரே மாதிரி ஓடுவதில்லை.

போகம் முடிந்ததும் எல்லா மெசினையும் கழற்றிப் பார்க்கும் பழக்கம் எங்கள் பக்கத்தில் உண்டு. அக்கறையில் செய்வதுதான், ஆனால் இதில் எனக்கு உடன்பாடு இல்லை. இரண்டாம் உலகப் போரில் பிரித்தானிய வான்படையின் கரையோரப் பிரிவுக்கு உதவப் போன வாடிங்டன் என்ற உயிரியலாளர், விமானங்களின் பழுதுகளை எண்ணிப் பார்த்தார். 50 மணித்தியாலத்துக்கு ஒருமுறை செய்யும் பரிசோதனை முடிந்த கையோடு பழுதுகள் கூடின, பிறகு நாளாக ஆகக் குறைந்தன. நன்றாக இருந்ததைத் திறந்ததே கெடுத்திருக்கிறது. மில்லிலும் இதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். திறந்த பெயாரிங்குக்குள் தவிட்டுத் தூசி போகிறது, சுத்தியல் அடி பந்தில் இறங்குகிறது, ஒத்துப்போகாத இரண்டு வகைக் கிறீஸ் கலக்கிறது. கொப்பி நல்லது சொல்லும் மெசினைத் தொடாதீர்கள்.

அதற்குப் பதிலாக, சும்மா நிற்கும் மெசினைக் கவனியுங்கள். மாற்றுக்கு வைத்திருக்கும் ஃபேன் நிற்கும்போதே, பக்கத்து மெசினின் ஆட்டத்தில் அதன் பந்துகள் ஒரே இடத்தில் உரசிப் பள்ளம் போடும். அவசரத்துக்கு ஓட்டும் நாளில்தான் அது தெரியவரும். கிழமைக்கு ஒருமுறை கையால் சுற்றி வேறு இடத்தில் நிறுத்தினால் போதும்.

காக்காவுக்கு இப்போது எழுபது தாண்டிவிட்டது. அவருக்குக் காதடைப்பான் தராமல் முப்பது வருடம் பொலிசர் பக்கத்தில் நிறுத்திய மில்கள் அவருடைய காதை எடுத்துக்கொண்டன. மெல்லிய உயர்ந்த சத்தம் எதுவும் கேட்பதில்லை. பெயாரிங் முதலில் பேசுவது அந்தச் சத்தத்தில்தான். போன மாதம் மில்லுக்கு வந்தவர் ஸ்குரூட்ரைவரைக் காதில் வைத்துவிட்டு இறக்கினார். “காது போயிட்டு தம்பி. கை கிடக்கு” என்று பொலிசரின் முன் பெயாரிங்கில் உள்ளங்கையை வைத்தார். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, “இது நல்லா இல்ல” என்றார்.

கொப்பியைப் புரட்டினேன். அந்தப் பெயாரிங், கிடையாக: 1.9, 1.9, 2.0, 1.9, 2.2, 2.6. தரத்தின்படி இன்னும் 2.8க்கு உள்ளேதான். மில் முதலாளி ஹாஜியாரும் அதைத்தான் சொன்னார்: “நம்பர் நல்லாத்தானே இருக்கு, ஏன் காசைக் கரைக்கிற?” அவர் முன்னால் ஆறு எண்ணையும் புள்ளி வைத்துக் கோடு இழுத்துக் காட்டினேன். கோடு கடைசி இரண்டு புள்ளியில் நிமிர்ந்து நிற்பதைப் பார்த்தார். கொழும்புக்குப் போன் எடுத்தது அவர்தான்.

பெயாரிங் வந்துவிட்டது. என் மேசையில் பொதி பிரிக்காமல் இருக்கிறது. பொருத்தும் நேரத்தில்தான் பிரிப்பேன். வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்கு மில் நிற்கும்போது கழற்றத் தொடங்கினால் பின்னேரம் ஐந்து மணிக்குள் பொலிசர் ஓடும். கழற்றிய பழையதைப் பட்டறையில் கொடுத்து அறுத்துப் பார்க்கப் போகிறோம். வெளிவளையத்தில், கீழ்ப்பக்கம் உரிசல் என்கிறார் காக்கா. பந்துக் கணக்குப்படி நானும் வெளிவளையம் என்றுதான் எழுதியிருக்கிறேன். பார்க்க அவரும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்.